தொப்புள்கொடி ரத்தமும் அம்மாவின் இரும்புப் பெட்டியும்: பேராசிரியர் வோங் ஹோக் பூன் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பீஷான்_அப்பா | செவ்வாய், இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு மகன் பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. பிறந்த மறுநாளே ‘ஜி6பிடி குறைபாடு’, ரத்தச் சிவப்பணுவில் ஒரு நொதி குறைவு என்று சொல்லிவிட்டார்கள். மஞ்சள் காமாலை ஏறுகிறதா என்று பார்க்கப் பிள்ளையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கூடாதவை என்று ஒரு பட்டியல் கையில் கொடுத்தார்கள். நின்று விளக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. எந்த மருத்துவமனை என்று சொல்ல விரும்பவில்லை, அன்று அங்கே நல்ல கூட்டம்.

பட்டியலில் முதல் வரியிலேயே அந்துருண்டை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அதைக் கேட்டதும் அழுதுவிட்டார். நான் பிறந்தபோது என்னைச் சுற்றிய பருத்தித் துணியை முப்பத்திரண்டு வருடம் இரும்புப் பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்து, பேரனுக்காகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்!

அப்புறம் தேடிப் படித்ததில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: பேராசிரியர் வோங் ஹோக் பூன். சிங்கப்பூரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தச் சோதனை 1965இலிருந்து நடக்கக் காரணமானவர் என்று போட்டிருந்தார்கள். இவரைப் பற்றிப் பள்ளியில்கூட நாம் படித்ததில்லையே? இவர் உண்மையில் என்ன கண்டுபிடித்தார்?

தாதியக்கா | செவ்வாய், இரவு 11.15

தம்பி, முதலில் வாழ்த்து. அம்மாவை அழவேண்டாம் என்று சொல்லுங்கள். துணி இன்னும் பிள்ளை மேல் படவில்லை அல்லவா, அது போதும்.

நான் எழுபதுகளில் பிரசவ வார்டில் தாதியாக வேலைக்குச் சேர்ந்தவள். தேக்கா பக்கத்தில் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மலாயில் ‘எருமைத் தொழுவம்’ என்று பொருள். அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் நம் ஆட்கள் மாடு வளர்த்தார்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. 1966இல் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 பிள்ளைகள் பிறந்தன. நாளுக்கு நூற்றுக்கு மேல். உலகத்திலேயே ஒரே இடத்தில் அத்தனை பிரசவம் வேறெங்கும் இல்லை என்று கின்னஸில் பதிவானது.

அந்தக் கூட்டத்தில் இந்த ஜி6பிடி சோதனைக்காக ஒவ்வொரு தொப்புள்கொடியிலிருந்தும் கொஞ்சம் ரத்தம் பிடித்து, பெயர் ஒட்டி அனுப்புவோம். பிள்ளையைக் குத்த வேண்டியதில்லை, அழவிட வேண்டியதில்லை. எப்படியும் தூக்கிப் போடப்போகிற கொடி அது.

எனக்கு முன்னால் வேலை பார்த்த மூத்த தாதிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிள்ளை நன்றாகப் பிறந்து வீட்டுக்குப் போகும். நாலைந்து நாளில் மஞ்சளாகத் திரும்பி வரும். பால் குடிக்காது, உடம்பு வில் மாதிரிப் பின்னால் வளையும், கீச்சென்று ஒரு அழுகை. அந்த அழுகையைக் கேட்டாலே தெரிந்துவிடுமாம். பிழைத்த பிள்ளைகளிலும் பலருக்குக் காது கேட்காது, கைகால் சொன்னபடி கேட்காது.

ஆய்வுக்கூடத்தான் | புதன், காலை 7.50

அக்கா சொன்னது ‘கெர்னிக்டெரஸ்’. ரத்தச் சிவப்பணு உடையும்போது வரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் அளவு மீறி, மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளில் படிந்துவிடுவது. படிந்த பிறகு வைத்தியம் இல்லை.

பேராசிரியர் வோங்கின் பங்கு எங்கே தொடங்குகிறது என்று புரிய, அந்தக் காலப் பாடப்புத்தகம் என்ன சொன்னது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் கெர்னிக்டெரஸ் என்றால் பெரும்பாலும் ஆர்எச் பொருந்தாமை, அதாவது தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாதது. தாய் ஆர்எச் நெகடிவ், பிள்ளை பாசிட்டிவ், தாயின் எதிர்ப்பொருள் பிள்ளையின் ரத்தத்தை உடைக்கிறது. சிங்கப்பூரில் அது பொருந்தவே இல்லை. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் ஆர்எச் நெகடிவ் மிக அரிது. அப்படியிருந்தும் பிள்ளைகள் மஞ்சளாகிச் செத்துக்கொண்டிருந்தன. புத்தகத்தில் காரணம் இல்லாத நோய் இந்த ஊரில் ஏன் இவ்வளவு? இந்தக் கேள்வியை அவர் விடவில்லை. ‘சிங்கப்பூர் கெர்னிக்டெரஸ்’ என்று ஊர்ப் பெயரையே அதற்கு வைத்துக் கட்டுரைகள் எழுதினார்.

விடை ஜி6பிடி. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒரு நொதி. இரும்புச் சாமானுக்குத் துரு பிடிக்காமல் எண்ணெய் பூசுவோமே, அந்த மாதிரி வேலை. அது குறைவாக இருந்தால் சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் மாதிரி ஏதாவது உள்ளே போனால் அணுக்கள் மளமளவென்று உடையும். பெரியவர் உடம்பு சமாளித்துவிடும். பிறந்த பிள்ளையின் கல்லீரலுக்கு அந்த வேகத்தில் பிலிருபினை வெளியேற்றத் தெரியாது.

பாசிர்ரிஸ்_பாண்டியன் | புதன், காலை 9.05

எல்லாம் சரி, ஆனால் ஒரே ஆளைத் தூக்கிக் கோபுரத்தில் வைக்காதீர்கள். இந்த நொதிக் குறைபாட்டைக் கண்டுபிடித்தது அமெரிக்காவில், 1956இல். மலேரியாவுக்குப் பிரிமாக்வின் என்ற மருந்து கொடுத்தபோது சிலருக்கு மட்டும் ஏன் ரத்தம் உடைகிறது என்று, இல்லினாய் மாநிலச் சிறைக்கைதிகளை வைத்து ஆராய்ந்தார்கள். (அந்தக் காலத்து ஆராய்ச்சி ஒழுக்கம் பற்றித் தனி இழையே போடலாம்.)

இங்கேயும் வோங் தனியாக இல்லை. ஸ்மித், வெல்லா என்ற இரண்டு பேர் 1960இல் லான்செட் மருத்துவ இதழில், காரணம் தெரியாத கெர்னிக்டெரஸுக்கும் இந்த நொதிக்கும் உள்ள தொடர்பை எழுதிவிட்டார்கள். ஃபிராங்க் வெல்லா மால்டாக்காரர், இங்கே பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல். அதே வருடம் டேவிட் வெதரால் என்ற இளைஞரும் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கட்டாயச் சேவை செய்ய வந்து, இங்கே ராணுவ மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் மாட்டிக்கொண்டவர். தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் ஆராய்ச்சியில் பிற்காலத்தில் உலகப் பெயர் எடுத்த அதே வெதரால்தான்.

ஆய்வுக்கூடத்தான் | புதன், காலை 9.31

பாண்டியன் சார், தகவல் சரி, மறுக்கவில்லை. ஆனால் லான்செட்டில் கட்டுரை வந்ததால் மட்டும் எந்தப் பிள்ளையும் பிழைக்கவில்லை. ‘இந்த நொதி குறைவு, அதனால் மஞ்சள்’ என்பது பாதிக் கதை. எத்தனையோ பிள்ளைகளுக்கு நொதி குறைவு, ஆனால் மஞ்சள் ஏறவில்லை. தூண்டிவிட்டது எது? அதைத் தேடி வீட்டுக்குள் போனவர் குழந்தை மருத்துவர். அலமாரியில் என்ன இருக்கிறது, பிள்ளைக்கு என்ன கசாயம் ஊற்றினீர்கள், பத்தியத்தில் தாய் என்ன சாப்பிட்டார் என்று விசாரித்து, அந்துருண்டையையும் சில சீன மூலிகைகளையும் அடையாளம் காட்டி, தாய்மாருக்கும் தாதியருக்கும் சொல்லி, எல்லாப் பிள்ளைக்கும் சோதனை என்று அரசாங்கத்தை நகர்த்தி… இதற்கு நோபல் கிடையாது. ஆனால் என் கணக்கில் பெரிய வேலை இதுதான்.

ஜூரோங்_ஜீவா | புதன், நண்பகல் 12.20

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். நானும் ஒரு ஜி6பிடி பையன், இப்போது வயது 36. பீஷான் அண்ணே, பயப்படாதீர்கள். ஓடுகிறேன், நீந்துகிறேன், தேசிய சேவை முடித்தேன். மருத்துவரிடம் போனால் முதல் வார்த்தையாக இதைச் சொல்லப் பழகிவிட்டேன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். ஏழு வயதில் ஊரில் சித்தப்பா கல்யாணம். வெளியூர் விருந்தாளிகளுக்கு என்று மர அலமாரியிலிருந்து கம்பளி, போர்வை எல்லாம் எடுத்துக் கொடுத்தார்கள். மூக்கைத் துளைக்கும் பாச்சை உருண்டை வாடை. இரண்டு நாள் அதில் சுருண்டு தூங்கினேன். மூன்றாம் நாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனது. அம்மா உடனே புரிந்துகொண்டார், அங்கிருந்த மருத்துவருக்குப் புரியவைக்கத்தான் அரைநாள் ஆனது. நம்மூரில் பிறந்தவுடன் எழுதிக் கொடுத்த அட்டையை அம்மா கைப்பையிலேயே வைத்திருந்தார், அதுதான் காப்பாற்றியது.

இது தாய் வழியாக வருவது. எங்கள் வீட்டில் எனக்கும் தாய்மாமனுக்கும் உண்டு, அப்பா பக்கம் யாருக்கும் இல்லை. சீர் கொண்டுவருவதோடு மாமன் இதையும் கொண்டுவந்தார் என்று அப்பா கேலி செய்வார்.

உட்லண்ட்ஸ்_உமா | புதன், பிற்பகல் 2.08

பீஷான் அண்ணா, பட்டியலில் மருதாணி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் பிள்ளைக்குப் போடாதீர்கள். ஜி6பிடி குறைந்த பச்சைக்குழந்தைக்கு மருதாணி பூசி ரத்தம் உடைந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. எங்கள் வீட்டில் பெயர் சூட்டும் நாளில் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைப்பது வழக்கம், என் மகனுக்கு வைக்கவில்லை. தொட்டிலில் பூச்சிக்கு என்று சூடம் முடிந்து வைப்பதும் வேண்டாம்.

என் மாமியார் அவரைக்காயையும் மொச்சையையும் நிறுத்திவிட்டார். பட்டியலில் உள்ள ஃபேவா பீன்ஸ் வேறு செடி என்று மருத்துவரிடம் கேட்டு வந்து சொன்ன பிறகுதான் சாம்பாரில் திரும்ப அவரை வந்தது. வறுத்த ஃபேவாவைக் கொறிக்கும் பண்டமாக இங்கே விற்கிறார்கள், அதில்தான் கவனம் வேண்டும். தாய் சாப்பிட்டாலும் பால் வழியாகப் போகும்.

இளவெயிலில் காட்டினால் மஞ்சள் இறங்கிவிடும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். என்னிடம் சொன்னவர்கள் ஐந்து பேர்.

தாதியக்கா | புதன், பிற்பகல் 3.40

உமா, வெயில் சமாச்சாரம் முழுப் பொய் இல்லை, அதுதான் வேடிக்கை. மஞ்சளுக்கு வார்டில் வைக்கும் நீல விளக்கு வைத்தியமே அங்கிருந்து வந்ததுதான். 1956இல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்ட் என்ற இடத்தில் ஜீன் வார்ட் என்ற தாதி, குறைமாதப் பிள்ளைகளை வெயில் நாளில் தோட்டத்துக்குத் தூக்கிப் போவார். ஒருநாள் ஒரு பிள்ளையைக் காட்டி, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருக்கிறது, மற்ற இடம் வெளுத்துவிட்டது என்று மருத்துவர்களிடம் சொன்னார். அதற்குப் பிறகு சன்னலோரம் வைத்த ரத்தக் குழாய் ஒன்றிலும் பிலிருபின் குறைந்திருந்தது. 1958இல் விளக்கு செய்து கட்டுரையாகப் போட்டார்கள். ஒரு தாதியின் கண் பார்த்தது என்று நான் புது தாதிகளுக்கெல்லாம் சொல்வேன்.

ஆனால் வீட்டுச் சன்னலில் எவ்வளவு ஒளி விழுகிறது என்று யாருக்குத் தெரியும்? நம் ஊர் வெயிலில் பிள்ளைக்குத் தோல்தான் வேகும், உடம்பில் நீர் வற்றும். வார்டில் கண்ணைக் கட்டி, தூரம் அளந்து, ரத்தம் பார்த்து வைப்பது வேறு.

ஆய்வுக்கூடத்தான் | புதன், மாலை 5.12

விளக்கு பற்றிப் பேசினால் இன்னொரு சிங்கப்பூர் குழந்தை மருத்துவரைச் சொல்லாமல் இருக்க முடியாது: கே.எல். டான். எவ்வளவு ஒளி கொடுத்தால் எவ்வளவு பிலிருபின் குறையும் என்று 1977லும் 1982லும் அவர் அளந்து எழுதியது இன்றும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. ஒளி கூடக்கூடப் பலன் கூடும், ஓர் எல்லைக்குப் பிறகு கூடாது என்றார். அந்த எல்லை என்ற பகுதியை 2012இல் வந்த ஓர் ஆய்வு மறுத்தது, இன்னும் கூடுகிறது என்றது. மற்றபடி அவர் போட்ட அடித்தளம் நிற்கிறது. அக்கா காலத்தில் அடிக்கடி நடந்த முழு ரத்தமாற்று இப்போது அபூர்வமாகிவிட்டதற்கு இந்த விளக்குகள் பெரிய காரணம்.

பாசிர்ரிஸ்_பாண்டியன் | புதன், இரவு 8.47

சரி, இப்போது என் உண்மையான மனத்தாங்கல். என் மனைவி சீனர். மாமியார் எங்கள் மகள் பிறந்தபோது சொன்ன கதை: அவர் காலத்தில் பிறந்த பிள்ளைக்கு ‘ஹுவாங் லியன்’ என்ற கசப்பு மூலிகை கொடுப்பார்கள், வயிற்றில் இருந்தபோது சேர்ந்த சூடு இறங்கும் என்று. வோங்கின் ஆராய்ச்சிக்குப் பிறகு அது மோசம் என்றானது, 1978இல் தடையே வந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்றால் நியாயம். பெரியவர் வயிற்றுப்போக்குக்குக்கூட வாங்க முடியாதபடி ஆக்கியது ஏன்? தலைமுறை தலைமுறையாகச் செய்த வைத்தியர்களை ஒரே நாளில் குற்றவாளி மாதிரிப் பார்த்தார்கள். கடைசியில் 2013இல் தயாரிப்பு மருந்துகளுக்கும் 2016இல் மூலிகைக்கும் தடையை எடுத்தார்கள். அப்படியானால் இடையில் போன முப்பத்தைந்து வருடம்?

ஆய்வுக்கூடத்தான் | புதன், இரவு 9.20

அந்த மூலிகையில் பெர்பெரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. 1993இல் இங்கேயே ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். ரத்தத்தில் பிலிருபினைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் அல்புமின் என்ற புரதத்திலிருந்து பெர்பெரின் அதைத் தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட பிலிருபின் மூளைக்குப் போகலாம். ஆக ஜி6பிடி குறைபாடு இல்லாத பிள்ளைக்கும் அது நல்லதல்ல. பேராசிரியரின் சந்தேகம் ஆதாரமில்லாததல்ல.

ஆனால் தடை தேவையான அளவைவிட அகலமாக விழுந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் சோதனை இருக்கிறது, தாய்மாருக்கும் விவரம் தெரியும் என்ற நிலை வந்த பிறகு இன்னும் சீக்கிரமே தளர்த்தியிருக்கலாம்.

தாதியக்கா | புதன், இரவு 9.58

நான் ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஒரு சீன ஆயா வார்டு வாசலில் நின்று, ‘நான்தான் கொன்றேனா?’ என்று கேட்டதைப் பார்த்தவள் நான். தடை சட்டப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. கடையில் கிடைக்காமல் போனதால் அந்த மாதிரிக் கேள்வி குறைந்தது. நான் அதைத்தான் பார்த்தேன்.

நூலகவாசி | வியாழன், காலை 10.30

இரண்டு நாளாக அமைதியாக வாசித்துக்கொண்டிருந்தேன். தாதியக்காவின் கடைசிப் பதிவுக்காக எழுதுகிறேன். இதே ஊரில் வோங்குக்கு முன்னாலும் இதே கதை இரண்டு முறை நடந்திருக்கிறது.

ஒன்று, டாக்டர் ஜி. ஹரிதாஸ். ஜப்பானியர் ஆட்சியின் பிற்பகுதியில் இங்கே கைக்குழந்தைகளுக்கு வந்த பெரிபெரி பற்றி 1947இல் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவ இதழில் எழுதினார். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளை, பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், இரண்டு மூன்று மாதத்தில் திடீரென்று மூச்சு வாங்கி, இதயம் நின்றுவிடும். காரணம் பால் அல்ல, தாய்க்கே தயமின் (வைட்டமின் பி1) சத்து இல்லை. தீட்டிய வெள்ளை அரிசியும் பற்றாக்குறையும். ஊசி போட்டால் சில மணி நேரத்தில் பிள்ளை தேறும்.

இன்னொன்று, டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஆப்பிரிக்காவில் ‘குவாஷியோர்கர்’ என்ற புரதக் குறைவு நோயை 1933இல் மருத்துவ உலகுக்குச் சொன்னவர், 1936இல் இங்கே வந்தார். தாய்ப்பாலைவிட நல்லது என்று சொல்லி இனிப்பு டின் பாலை விற்பதைப் பார்த்துக் கொதித்து, 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். பால் நிறுவனக்காரர்கள் பழகும் அதே மன்றத்தில்! பிறகு ஜப்பானியர் ஆட்சியில் சாங்கி சிறையில் அடைபட்டார். அங்கே பிறந்த இருபது பிள்ளைகளும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று சொன்னார். 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவர்.

தாய்ப்பால், டின் பால், கசப்பு மூலிகை, அந்துருண்டை. நான்கும் வீட்டில் ஆசையாகக் கொடுத்தவை, ஆசையாகச் செய்தவை. ஹரிதாஸாக இருந்தாலும் வோங்காக இருந்தாலும், நோயைக் கண்டுபிடித்ததைவிட அதை ஒரு தாயிடம் சொல்வது கஷ்டமாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. வில்லியம்ஸுக்கு அந்தக் கஷ்டம் குறைவு, அவர் கை நீட்டியது வியாபாரிகளை நோக்கி.

இழையின் தலைப்பை விட்டு விலகியதற்கு மன்னிக்கவும்.

பாசிர்ரிஸ்_பாண்டியன் | வியாழன், காலை 11.02

விலகவில்லை. மாமியாரிடம் இன்று அக்கா சொன்னதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, தேநீர் போடப் போய்விட்டார்.

ஜூரோங்_ஜீவா | வியாழன், பிற்பகல் 1.15

ஒரு சந்தேகம், ஆய்வுக்கூடம் சார். இப்போது குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்களே, அதுவும் இதற்குத்தானா?

ஆய்வுக்கூடத்தான் | வியாழன், பிற்பகல் 1.44

அது வேறு. ஜி6பிடி தொப்புள்கொடி ரத்தத்தில். 1990இலிருந்து அதே ரத்தத்திலேயே தைராய்டும் பார்க்கிறார்கள், அதைத் தவறவிட்டால் பிள்ளையின் அறிவு வளர்ச்சி பாதிக்கும். குதிகால் குத்தல் வளர்சிதைமாற்றக் குறைபாடுகளுக்கு, 2006இல் தொடங்கியது. அந்த நோய்கள் பிள்ளை பால் குடித்த பிறகுதான் ரத்தத்தில் தெரியும், அதனால் ஒரு நாள் காத்திருந்து எடுக்கிறார்கள். வோங் 2002இல் காலமானார், இதைப் பார்க்கவில்லை. 1965இல் ஆயிரம் பிள்ளைக்கு 26 பேர் ஒரு வயதுக்குள் இறந்த ஊர் இது, இப்போது இரண்டுதான். அதில் சோதனையின் பங்கு எவ்வளவு, சுத்தமான குடிநீரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பீஷான்_அப்பா | வெள்ளி, இரவு 9.26

எல்லாருக்கும் நன்றி. இன்று பலதுறை மருந்தகத்தில் பார்த்தோம். பிலிருபின் 248லிருந்து 171க்கு இறங்கியிருக்கிறது, இனி அடுத்த வாரம் வந்தால் போதும் என்றார்கள்.

நூலகவாசி எழுதியதை அம்மாவுக்கு மெதுவாகப் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, ‘அந்த டாக்டர் வீட்டு அம்மாவும் அந்துருண்டை போட்டிருப்பாள்’ என்றார். இரும்புப் பெட்டியை எங்கள் வீவக (வீட்டு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் நண்பரின் வேனில் வைத்திருக்கிறோம். அந்தத் துணியை மட்டும் விட மனமில்லை அவருக்கு. தாதியக்கா, எத்தனை முறை துவைத்துக் காயப்போட்டால் பிள்ளை பக்கத்தில் கொண்டுவரலாம்?

தாதியக்கா | வெள்ளி, இரவு 9.51

பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம் தம்பி. துவைத்து, வாடை முழுக்கப் போகும்வரை வெளியே வெயிலில் போட்டு, சட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள். பிள்ளை தூங்கும் அறையில் அல்ல, கூடத்தில்.